இடது கண் தூரத்துக்கு, வலது கண் கிட்டத்துக்கு

கீழ்க்கட்டளையில் ஜான்சிக்குக் கண் தெரியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவளுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் நாலைந்து விரற்கடைக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் கரைந்துவிடும். எதிரே நிற்பது புருஷன் ஜெரோமா, துணி மாட்டிய கொடியா என்பது குரல் வந்தால்தான் தெரியும். ஆனால் அந்த நாலைந்து விரற்கடைக்குள் எது வந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மாத்திரை அட்டையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருக்கும் தேதியை அவள் படித்துச் சொல்வாள். காலில் முள் ஏறினாலும் கையில் சிராய் ஏறினாலும் தெருக்காரர்கள் முதலில் வந்து நிற்பது அவள் வீட்டு வாசலில்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தக் காலையோ கையையோ தன் இடது கண்ணுக்கு அருகே இழுத்து, ஊசி முனையால் ஒரே கிளறில் எடுத்துவிடுவாள். எப்போதும் இடது கண்தான். அவ்வளவு கிட்டத்தில் இரண்டு கண்ணும் ஒரே பொருளைப் பார்க்க முடியாது. அதனால் சிறு வயதிலேயே அவளை அறியாமல் இடது கண் அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது.

அந்தக் கண்தான் அவளுக்குச் சோறு போட்டது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் காயில் சுற்றும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறாள். துவரம்பருப்பு அளவுள்ள கருப்பு வளையத்தின் மேல் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றுவார்கள். கம்பியின் மேல் பூசியிருக்கும் அரக்கில் ஒரு கீறல் இருந்தாலும் காயில் வீண். சுற்றிய காயில்களைப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது ஜான்சியின் வேலை. மேஜைக்கு மேஜை வட்ட விளக்கு வைத்த பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி உண்டு. மற்றப் பெண்கள் அதன் வழியாகப் பார்ப்பார்கள். ஜான்சி அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காயிலை இடுக்கியால் பிடித்து இடது கண்ணுக்கு நேரே கொண்டுபோவாள். புதிதாகச் சேர்கிறவர்கள் அவள் அதை மோந்து பார்ப்பதாக நினைத்துச் சிரிப்பார்கள். அவள் பிரித்த காயிலில் தப்பு வந்ததில்லை என்பது தெரிந்த பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

தூரம்தான் அவளுக்கு வாய்க்கவில்லை. கண்ணாடியின் ஓரம் பிஸ்கட் போலத் தடித்திருக்கும். அதன் வழியாகத் தெரிகிற உலகமும் சுருங்கி, தள்ளிப்போய்த் தெரியும். கல்யாணத்தன்று அந்தக் கண்ணாடியைப் போட வேண்டாம் என்று அம்மா எடுத்து வைத்துவிட்டாள். மாதா கோயிலில் ஜெரோமின் தங்கை ரோஸி எதிர்வரிசையில் உட்கார்ந்து புது அண்ணியைப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறாள். அண்ணி ஒருமுறைகூடத் திருப்பிச் சிரிக்கவில்லை. அன்றைக்கு ரோஸி மனதில் விழுந்த முடிச்சு பிறகு அவிழவே இல்லை. அடுத்த தெருவில் குடியிருந்தாலும், 'அது பெரிய எடம்' என்றுதான் ஜான்சியைப் பற்றிப் பேசுவாள்.

நாற்பத்தெட்டு வயதில் ஜான்சியின் இடது கண்ணில் புகை ஏறத் தொடங்கியது. முதலில் டியூப்லைட்டைச் சுற்றி மயிர் முளைத்தது போலத் தெரிந்தது. பிறகு காயிலின் மேல் மெல்லிய பால் ஆடை படிந்தது. கண்ணாடிக் கடையில் நம்பரை மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் மறுபடி மாற்றினார்கள். ஒரு நாள் வெளிநாட்டுக்குப் போன சரக்கிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. அதில் இருந்தவை ஜான்சி பார்த்து அனுப்பிய காயில்கள்.

மேற்பார்வையாளர் ஜீவரத்தினம் கடுமையான ஆள். ஆனால் அன்று சத்தம் போடவில்லை. ஜான்சியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜான்சி, கண்ண காட்டிட்டு வா. லீவு நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

குரோம்பேட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஜெரோம் கூட்டிக்கொண்டு போனான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலைச் சவாரி முடிந்து மாலைச் சவாரிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரியில் எப்போதும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். டாக்டர் கோகிலவாணி சொட்டு மருந்து போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். இடது கண்ணில் முற்றியிருக்கிறது, வலது கண்ணில் கொஞ்சம். கண்ணுக்குப் பவர் மிக அதிகமாக இருக்கிறவர்களுக்கு இந்த வயதிலேயே வருவதுண்டு என்றும் சொன்னார்.

"உள்ள இருக்கற லென்ஸ் மங்கிப் போச்சும்மா. அத எடுத்துட்டு புதுசா ஒண்ணு வைப்போம். அது வைக்கும்போது உங்க பவரையும் சேத்து சரி பண்ணிடலாம். கண்ணாடியே இல்லாம தூரம் தெரியற மாதிரி வைக்கட்டுமா, இல்ல கிட்ட தெரியற மாதிரியா?"

ஜான்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தூரம்தான் மேடம். கிட்டத்துல எனக்கு நல்லாத்தான் தெரியும்."

"படிக்கறதுக்குத் தனியா கண்ணாடி போட வேண்டியிருக்கும். பரவாயில்லயா?"

"நான் இன்னா மேடம் படிக்கப் போறேன்?" என்றாள் ஜான்சி. டாக்டர் சிரித்துவிட்டுச் சீட்டில் எழுதினார். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள்.

தூரம் என்பது தனக்கு இல்லாத ஒன்று, அதை இப்போது கொடுக்கப் போகிறார்கள் என்று ஜான்சி நினைத்தாள். கிட்டம் என்பது தன்னோடு பிறந்தது, அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்றும் நினைத்தாள். பார்வை அப்படிக் கூட்டல் கணக்காக வராது என்பதை அவளுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் தெரிந்தது. அதன் மூன்று முள்ளும் தெரிந்தன. கீழே சின்ன எழுத்தில் கம்பெனி பெயரும் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி ஜெரோம் நின்றான். வேறொருத்தன் நிற்பதுபோல அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா அப்படிப் பாக்கற?"

"உன் மூக்குல மச்சம் கீது."

"அது பொறந்ததுலேருந்து கீது."

"தெரியும். இவ்ளோ தூரத்துலேருந்து பாத்தது இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கோவளம் போனார்கள். கண்ணில் காற்றுப் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த கருப்புக் கண்ணாடியை ஜான்சி போட்டிருந்தாள். கடற்கரையில் மீன் ஏலம் முடிந்து வெறும் கூடைகள் கிடந்தன. அவள் அலைகளைப் பார்க்கவில்லை. அலைகளுக்கு அப்பால், படகுகளுக்கும் அப்பால், கடல் ஒரு கோடாக முடிகிற இடத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அது அவளுக்கு நீலத்தின் மேல் இன்னொரு நீலம் கலங்கிய இடமாகத்தான் இருந்தது. இப்போது ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் இருந்தது.

"அந்த போட்ல ஒராளு சட்டையக் கழட்டி காயப் போட்டுகினு கீறான் பாரு" என்றாள்.

ஜெரோம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "ஆமா, ஆமா" என்றான்.

திரும்பி வரும்போது தெருமுனையில் ரோஸி யாருடனோ பேசிக்கொண்டு நின்றாள். ஜான்சி வண்டியிலிருந்தே, "ரோஸி!" என்று கையை ஆட்டினாள். ரோஸி முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவளும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். மறுநாள் ரோஸி வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் மீன் குழம்பு வந்தது.

இரண்டு வாரம் அப்படிப் போனது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஜான்சியின் கண்ணைப் பற்றியே பேசினார்கள். பஸ் நம்பரை அவள் முதலில் படித்துச் சொன்னாள். கண்ணாடி இல்லாத முகத்தைக் கண்டு சிலருக்கு அடையாளம் தெரியவில்லை. வலது கண் மட்டும் பழையபடி கலங்கலாகக் கிடந்தது. பழைய கண்ணாடியில் இடப்பக்கத்தை மட்டும் வெறும் கண்ணாடியாக மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஒரு கண்ணுக்கு ஜெரோம் பெரியவனாகவும் இன்னொரு கண்ணுக்குச் சிறியவனாகவும் தெரிந்தான். இரண்டும் ஒட்டவில்லை, தலை சுற்றியது. கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

அப்புறம் ஒரு காலையில் கங்கம்மா வந்தாள். கோவளத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வந்து கீழ்க்கட்டளைத் தெருக்களில் மீன் விற்கிறவள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு வலது கையின் நடுவிரலை நீட்டினாள்.

"ஜான்சிக்கா, கெளுத்தி முள்ளு ஏறிகினு உயிர எடுக்குது. நைட்டு பூரா தூங்கல. கொஞ்சம் பாரேன்."

ஜான்சி ஊசியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போல விரலை இடது கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள்.

விரல் இல்லை. ஒரு பழுப்பு நிறம் மட்டும் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். இன்னும் தள்ளினாள். கங்கம்மாவின் கை முழுதும் நீண்டுவிட்ட பிறகுதான் விரலுக்கு ஒரு ஓரம் வந்தது. நகம் எது, தோல் எது என்று பிரிந்தது. முள் தெரியவில்லை. வலது கண்ணை வைத்துப் பார்த்தாள். அந்தக் கண்ணில் விரல் கிட்டத்தில் வந்தது. ஆனால் நடுவில் வெள்ளையாகப் புகை நின்றது. வெளிச்சம் அதிகமாக அதிகமாகப் புகையும் அதிகமானது. முள் இருந்தால் அந்தப் புகைக்குள்தான் இருந்திருக்கும்.

"இன்னாக்கா?" என்றாள் கங்கம்மா.

"தெரியல."

"ஆபரேஷன் பண்ணிகினு நல்லா தெரியுதுன்னு சொன்னாங்களே?"

"நல்லாத்தான் தெரியுது. இது தெரியல."

கங்கம்மாவுக்கு இது விளங்கவில்லை. விரலை ஊதிக்கொண்டே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். தெருக்கோடி வரைக்கும் அவள் போவது ஜான்சிக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கூடையை மூடியிருந்த பாலித்தீன் தாளின் கிழிசல்கூடத் தெரிந்தது.

அன்று மாலை அரிசி களையும்போது ஒரு பிடியைக் கண்ணருகே கொண்டுபோனாள். வெள்ளை. உள்ளங்கையைக் கொண்டுபோனாள். ரேகை இல்லை. ஜெரோம் வந்ததும் சொன்னாள்.

"கிட்டத்துப் பார்வ போயிடுச்சிப்பா."

"அதான் கடைல விக்குதே, ரீடிங் கிளாஸு. ஒண்ணு வாங்கிக்க. உன் வயசுல எல்லாரும் போடறதுதான்."

"எல்லாருக்கும் தெரியற மாதிரியா எனக்குத் தெரிஞ்சிது?"

"அத்த வுடு. ரோட்டுல நடந்தா வண்டி தெரியுதா இல்லியா? கடல் தெரியுதா இல்லியா? எவ்ளோ பேருக்கு இது கெடைக்கல. சும்மா பேஜார் பண்ணாத."

அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

லீவு முடிந்து கம்பெனிக்குப் போனாள். பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். ஸ்டேஷன் பெயர்ப்பலகைகள் வருவதற்கு முன்பே தெரிந்தன. மேஜையில் காயில் தட்டு வந்தது. வாங்கி வைத்திருந்த ரீடிங் கிளாஸைப் போட்டாள். ஒன்றரைச் சாண் தூரத்தில் பிடித்தால் காயில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது துவரம்பருப்பாகவே இருந்தது. முன்பு கண்ணருகே வரும்போது அது ஒரு தேர்வடம் போல விரியும். ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகப் பளபளக்கும், கீறல் இருந்தால் மின்னும். இப்போது கம்பிகள் சேர்ந்து ஒரு செம்பு நிறமாக இருந்தன. வட்ட விளக்குக் கண்ணாடியை இழுத்து வைத்துப் பார்த்தாள். பொருளையும் கண்ணாடியையும் கண்ணையும் எந்த இடைவெளியில் வைப்பது என்று கை பழகியிருக்கவில்லை. காயில் இடுக்கியிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடி விழுந்தது. மூன்றாம் நாள் ஜீவரத்தினம் அவளை பேக்கிங் பகுதிக்கு மாற்றினாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான். செட் ஆனதும் வந்துடு."

"சரி மேடம்" என்றாள் ஜான்சி. தன்னுடைய இடுக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

பேக்கிங் மேஜை ஜன்னல் ஓரத்தில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரண்டை மிச்சம் பிடிக்க விளக்குகளை அணைத்துவிடுவார்கள். ஒரு நாள் சாப்பிட்டு முடித்து இருட்டில் உட்கார்ந்திருந்தவள், அங்கே கிடந்த கைப்பிடி லென்ஸ் ஒன்றை எடுத்துச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு நேரே தூக்கியபோது, இன்னொரு கையில் இருந்த வெள்ளை அட்டையில் ஏதோ பச்சையாக அசைந்தது. லென்ஸைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தினாள். சட்டென்று ஒரு மரம் வந்தது. வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம்தான். இலை இலையாக, நிறத்தோடு, தலைகீழாக அட்டையில் நின்றது. ஒரு வேன் வலமிருந்து இடமாகப் போனது. அட்டையில் அது இடமிருந்து வலமாக, சக்கரம் மேலே இருக்கப் போனது.

அந்த மரத்துக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில், ஜன்னல் கம்பிகள் இருந்தன. அட்டையில் கம்பிகள் இல்லை. இருந்த இடத்தில் ஒரு மங்கல் இருந்தது. லென்ஸை அட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கினாள். கம்பிகள் கருகருவென்று வந்தன. துரு பிடித்த இடம்கூடத் தெரிந்தது. மரம் கரைந்து பச்சைச் சாயமாகிவிட்டது.

மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். மரம் வந்தது, கம்பி போனது. விலக்கினாள். கம்பி வந்தது, மரம் போனது. இரண்டும் சேர்ந்து நிற்கிற ஒரு இடம் இருக்கும் என்று தேடினாள். சாப்பாட்டு நேரம் முடிந்து விளக்கு எரிகிற வரைக்கும் தேடினாள். அப்படி ஒரு இடம் இல்லை.

அந்த வாரமே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். வலது கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வந்திருக்கிறாள் என்றுதான் டாக்டர் கோகிலவாணி நினைத்தார்.

"மேடம், உள்ள வச்ச லென்ஸு முன்ன பின்ன நகருமா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நகராது. ஏன்?"

ஜான்சி அட்டையையும் மரத்தையும் ஜன்னல் கம்பியையும் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க பாத்ததுதான் கண்ணுக்குள்ளயும் நடக்குது. லென்ஸ் நடுவுல தடிமனா இருக்கும், ஓரத்துல மெலிசு. அது வழியா போற வெளிச்சம் உள்ளாக்க வளையும். ஓரத்துல பட்டது அதிகமா வளையும், நடுவுல பட்டது நேரா போகும். ஒரு புள்ளிலேருந்து கெளம்புன வெளிச்சம் எல்லாம் மறுபடி ஒரு புள்ளில வந்து சேரும். அந்த எடத்துல உங்க அட்டை இருந்தா படம் தெரியும். கண்ணுல அட்டைக்குப் பதிலா விழித்திரை."

"அப்ப கிட்ட இருக்கறது ஏன் கலங்குது?"

"தூரத்துலேருந்து வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட நேரா வந்து விழும். கிட்டத்துலேருந்து வர்றது விரிஞ்சுகிட்டே வரும். விரிஞ்சு வர்றத மடக்கிச் சேக்கறதுக்கு இன்னும் பலமான லென்ஸ் வேணும். சின்ன வயசுல நம்ம லென்ஸ் மெத்துனு இருக்கும். கிட்ட பாக்கும்போது தானா உப்பிக்கும், தூரம் பாக்கும்போது தட்டையாகும். வயசாக ஆக அது கெட்டியாயிடும். நாங்க வைக்கறது உப்பாது. எந்த தூரத்துக்கு வச்சமோ அந்த தூரம்தான்."

"எனக்கு மட்டும் முன்ன ஏன் அவ்ளோ கிட்ட தெரிஞ்சிது?"

"உங்க கண்ணு உருண்டையா இல்லம்மா, நீளம். முட்டை மாதிரின்னு வச்சுக்கங்க. திரை பின்னால தள்ளி இருந்துச்சு. அதனால தூரத்துப் படம் திரைக்கு முன்னாடியே சேந்துடும், கலங்கும். ரொம்பக் கிட்ட இருக்கறது சரியா திரை மேல விழும். அவ்ளோ கிட்டத்துல வச்சுப் பாக்கறதால பெருசாவும் தெரியும். உங்க கண்ணே ஒரு பூதக்கண்ணாடி மாதிரி வேல செஞ்சுது. நாங்க பவர சரி பண்ணப்போ அதுவும் சேந்து போச்சு." பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேல பாக்கறீங்கன்னு நான் அன்னிக்குக் கேக்கல" என்றார்.

"நீங்க தூரமா கிட்டமான்னு கேட்டீங்க மேடம். நான்தான் தூரம்னேன். ரெண்டுல ஒண்ணுன்னு எனக்குப் புரியல." கண் கலங்கியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "வலது கண்ண பழைய மாதிரியே வச்சுத் தாங்க. நாலு விரல் தூரத்துக்கு."

டாக்டர் முடியாது என்றார். ஒரு கண் அவ்வளவு தூரத்துக்கும் இன்னொரு கண் அவ்வளவு கிட்டத்துக்கும் இருந்தால் மூளை இரண்டையும் சேர்க்காது, படி இறங்கும்போது விழுவாள் என்றார். ஜான்சி ஒரு சாண் கேட்டாள். டாக்டர் இரண்டு சாண் என்றார். மாங்காய்க்கு விலை பேசுவதுபோல இருவரும் பேசி, கடைசியில் ஒன்றரைச் சாணுக்கு வந்தார்கள். அதுவும் உடனே இல்லை. முதலில் வலது கண்ணுக்கு மட்டும் ஒரு கான்டாக்ட் லென்ஸ் கொடுத்தார். ஒன்றரைச் சாண் தூரத்துக்குப் பொருந்துகிற மாதிரிப் பவரைக் குறைத்த லென்ஸ்.

"இத ஒரு வாரம் போட்டுப் பாருங்க. புகை இருக்கத்தான் செய்யும். அத விடுங்க. தலவலி வருதா, நடக்க முடியுதான்னு மட்டும் பாருங்க. ஒத்துக்கிட்டா அந்த பவர்லயே வைக்கலாம். ஒத்துக்கலன்னா ரெண்டு கண்ணும் தூரத்துக்கு. திரும்ப மாத்தறது லேசு இல்ல."

முதல் நாள் பல்லாவரம் ஸ்டேஷன் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். படியின் ஓரங்கள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. இரண்டாம் நாள் டம்ளரில் காபி ஊற்றும்போது வெளியே ஊற்றினாள். ஜெரோம் துணியால் துடைத்தான். அன்று இரவு வேன் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் சொல்லிவிட்டு, "பயமா கீதா?" என்று கேட்டான். "கீது" என்றாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பஸ்ஸில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபோது, இரண்டையும் எந்தக் கண்ணால் பார்த்தோம் என்று யோசிக்காமலே பார்த்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. தலைவலி மாலையில் மட்டும் வந்தது.

வலது கண் ஆபரேஷன் அடுத்த மாதம் நடந்தது. கட்டைப் பிரித்ததும் இந்த முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். ஒன்றரைச் சாணில் ரேகைகள் வந்து நின்றன. புகை இல்லை. இன்னும் கிட்டே இழுத்தாள். கலைந்துவிட்டன. எல்லை அதுதான் என்று தெரிந்துகொண்டு கையை இறக்கினாள்.

பழையது திரும்பவில்லை. ஒன்றரைச் சாண் என்பது நான்கு விரல் இல்லை. காயில் அவள் கண்ணுக்குத் தேர்வடமாக விரிவதில்லை. பேக்கிங்கிலிருந்து இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்குத் திரும்பியபோது, வட்ட விளக்குக் கண்ணாடியை மற்றவர்களைப் போல இழுத்து வைத்துக்கொண்டு வேலையைப் புதிதாகக் கற்றாள். பக்கத்து மேஜைக்காரிகள் தட்டைப் பாதி முடிக்கும்போது அவள் கால் தட்டில் இருப்பாள். வருஷம் முடிவதற்குள் அவர்களோடு சமமாக வந்துவிட்டாள். அவர்களைத் தாண்டவில்லை. முன்பு சந்தேகம் வந்த காயிலை எல்லோரும் ஜான்சியிடம் நீட்டுவார்கள். இப்போது ஜீவரத்தினத்தின் அறையில் இருக்கும் மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு முறை அப்படிக் கொண்டுபோனவள் பாதி வழியில் நின்று, "அக்கா, நீ ஒரு தபா பாக்கறியா?" என்று கேட்டாள். "அதுலயே பாரு, நல்லா தெரியும்" என்று ஜான்சி சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது குரலில் எதுவும் இல்லை. அன்று மட்டும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

தெருவில் முள் எடுக்க இன்னும் சிலர் வருகிறார்கள். வெளிப்பட்டுத் தெரிவதை எடுத்துவிடுகிறாள். புதைந்திருந்தால் கிளினிக்குக்கு அனுப்புகிறாள். ரோஸி மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். கல்யாணத்தன்று என்ன நடந்தது என்பதை ஒரு நாள் ஜான்சி சொன்னாள். ரோஸி, "கண்ணாடிய போட்டுகினு வந்திருந்தா இன்னா, கொறஞ்சா போயிருப்ப?" என்று கேட்டாள். அத்தனை வருஷத்துக்கும் அவள் சொன்ன சமாதானம் அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை மாலை ஜான்சியும் ஜெரோமும் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனார்கள். கீழ்க்கட்டளைக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து போகும். ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு போனது.

"சக்கரத்த எறக்கிட்டான்" என்றாள் ஜான்சி. "றெக்கைக்குக் கீழ எழுத்து போட்டுகீது. வி, டி, அப்பால ஒரு கோடு."

ஜெரோம் கண்ணை இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"எங்க?"

"அதோ, அந்த றெக்கைல."

"எனக்கு வெள்ளையா ஒண்ணு போறதுதான் தெரியுது."

ஜான்சி துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "கோவளத்துல போட்டுல சட்ட காயப் போட்டவன பாத்தியே?"

"நீ சொன்ன, நான் ஆமான்னேன்."

"அய்யய்யோ, நீ புள்ளைங்கள வச்சி வண்டி ஓட்டற!"

"வண்டிக்கு முன்னால இருக்கறது நல்லாத்தான் தெரியுது" என்றான் ஜெரோம். அடுத்த விமானம் வருகிறதா என்று மீனம்பாக்கம் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். திங்கட்கிழமை காலைச் சவாரி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வருவதாக அவனிடம் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ஜான்சி கீழே இறங்கினாள்.